கை கழுவியவனும் கால் கழுவியவரும்

தோழர்களே!

ஞாயிறுதோறும் இந்தப் பத்திகளில் ஆட்சியைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் உங்களோடு உரையாடுவது வழக்கம். இன்றைய ஞாயிறோ, உலகெங்கும் கிறித்தவப் பெருமக்கள் உயிர்ப்பு ஞாயிறு எனக் கொண்டாடும் நாள். நாற்பது நாள் தவக்காலம் முடிந்தது. நள்ளிரவில் மணி ஒலித்தது. கையில் மெழுகுவர்த்தி, கண்ணில் மகிழ்ச்சி, நாவில் 'அல்லேலூயா' என நிற்கிறார்கள் அவர்கள். வாழ்த்து ஒன்று கூறிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம்; பல ஆண்டுகளாக நானும் அப்படித்தான் செய்து வந்தேன். இம்முறை முடியவில்லை. காரணம் உண்டு. சொல்ல நாணமாக இருப்பதால் அதைக் கட்டுரையின் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். ஆனால் சொல்லாமல் விடமாட்டேன்.

"திருத்தணிகைக்காரனுக்கு ஈஸ்டரில் என்ன வேலை?" என்று கேட்கும் தோழர்கள் இருப்பர். கேட்கட்டும்! எங்கள் ஊரைப் பற்றி இரண்டு சொல் கூறிவிட்டால் விடை தானே விளங்கும்.

எங்கள் ஊர், ஏறும் ஊர். 365 படிகள், ஆண்டின் நாளுக்கு ஒன்று. ஆடிக் கிருத்திகை வந்தால் தோளில் காவடி, காலில் கொப்புளம், நெற்றியில் நீறு என மக்கள் வெள்ளம் மலையேறும். போரில் மூண்ட சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடமாதலால் 'தணிகை' என்று பெயர் வந்தது என்பர் புராணிகர். புராணத்தை நான் நம்புகிறேனா இல்லையா என்பது வேறு செய்தி. அந்தப் பெயரை நம்புகிறேன். சினம் தணிவது சிறப்பு என்று ஓர் ஊருக்கே பெயர் வைத்தார்களே, அந்த உள்ளத்தை நம்புகிறேன்.

எங்கள் ஊர், எல்லை ஊர். 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு அப்பக்கம் போய், ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாய் 1960 ஏப்ரல் முதல் நாள் தாயகம் திரும்பிய ஊர். இன்றும் எங்கள் கடைத்தெருவில் ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். அதனால் யாருக்கும் கோபம் வருவதில்லை. கத்தரிக்காய் விலைதான் கோபத்தை வரவழைக்கும். 1888இல் இங்கே பிறந்து இந்தியாவின் குடியரசுத் தலைவராக உயர்ந்த இராதாகிருட்டிணன், திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியிலும் வேலூர் ஊரீசுக் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றவர். மலைக்கும் மணிக்கூண்டுக்கும் இடையே இங்கே மதில் இருந்ததில்லை.

அந்த உறவுக்கு ஒரு சொல்லே சான்று. தவக்காலத்தின் முதல் நாள், நெற்றியில் சாம்பல் இடும் நாள். அதைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'திருநீற்றுப் புதன்' என்பர். எல்லைக்கு அப்பால் தெலுங்குக் கத்தோலிக்கர் 'விபூதி புதவாரம்' என்பர். நீறு என்றால் என்ன என்று அந்த மக்களுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. "மண்ணாக இருக்கிறாய், மண்ணாகப் போகிறாய்" என்ற பொருளில் குரு நெற்றியில் சாம்பலை இடும்போது, சுடுகாட்டுச் சித்தர் மரபில் வந்த தமிழனுக்கு அது அயல்நாட்டுத் தத்துவமாகவா தோன்றும்?

நாள் கணக்கிலும் நாம் அயலார் அல்லர். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே ஈஸ்டர். அதனால்தான் அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை ஆண்டுக்கு ஒரு நாளாக இடம் மாறும். பல ஆண்டுகளில், மலைமேல் பங்குனி உத்திரத்துக்கு ஒளி தரும் அதே நிலவுதான் மாதா கோவிலுக்கும் நாள் குறித்துத் தருகிறது!

சரி, அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் மேடையேறும் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று மக்கள் கையில் ஏந்திய ஓலைகளைப் பத்திரப்படுத்தி, அவற்றை எரித்துத்தான் இந்த ஆண்டின் சாம்பலை உண்டாக்குகிறார்கள். ஏசுநாதர் கழுதை மீதேறி எருசலேமுக்குள் வந்தபோது, 'ஓசன்னா' என ஆர்ப்பரித்துக் கூட்டம் ஓலை வீசியதன் நினைவு அது. வரவேற்பு ஓலை! வாழ்த்து ஓலை! வெற்றி ஊர்வல ஓலை! அதுவே ஓராண்டில் ஒரு சிட்டிகைச் சாம்பல்.

தோழர்களே! நமக்கு விழுந்த மாலைகளை எண்ணிப் பாருங்கள். நமக்காக ஒட்டிய சுவரொட்டிகளை, எழுந்த முழக்கங்களை எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓலை வீசிய நகரத்திலேதான் வெள்ளிக்கிழமை 'சிலுவையில் அறையும்' என்ற கூச்சலும் எழுந்தது. இடையே இருந்தவை நான்கே நாட்கள். கூட்டத்தின் கைதட்டலையே உணவாக உண்டு வாழும் என் போன்ற பேச்சாளனுக்கு, அந்த ஒரு சிட்டிகைச் சாம்பலைக் காட்டிலும் நல்ல ஆசான் வேறு இல்லை.

அடுத்து, நாற்பது நாள் நோன்பு. பொதுவாழ்வுக்கு வருமுன் ஏசு பாலைவனத்தில் நாற்பது நாள் பசித்திருந்தார் என்றும், அங்கே மூன்று சோதனைகள் வந்தன என்றும் கூறுகிறது விவிலியம். கல்லை அப்பமாக்கிக் கொள் என்பது ஒன்று. கோபுரத்திலிருந்து குதித்து வித்தை காட்டு என்பது மற்றொன்று. என்னை வணங்கு, உலகத்து அரசுகளையெல்லாம் தருகிறேன் என்பது இன்னொன்று. அப்பம், வித்தை, அதிகாரம்! அரசியலுக்கு வருகிற ஒவ்வொருவன் எதிரிலும் இந்த மூன்றும் வந்து நிற்கவில்லையா? மூன்றையும் மறுத்துவிட்டுப் பிறகு மக்களிடம் வந்தார் அவர். மக்களிடம் வந்த பிறகு மூன்றுக்கும் இசைந்தவர் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம்.

இந்த நாற்பது நாளில் இறைச்சியை விடுவோர் உண்டு; ஒருவேளை உணவை விடுவோர் உண்டு; வெள்ளிதோறும் சிலுவைப்பாதை செல்வோர் உண்டு. எனினும் ஏசுவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஏசாயா என்ற தீர்க்கர் பெயரால் வழங்கும் நூல் ஒரு செய்தியைச் சொல்லி வைத்தது. தலையைக் குனிந்து சாம்பலில் உட்காருவதா நோன்பு? கட்டுண்டவனின் கட்டை அவிழ்ப்பதும், பசித்தவனோடு சோற்றைப் பகிர்வதுமே நோன்பு என்பது அதன் கருத்து. வயிற்றைக் காயவைப்பது தொடக்கம்தான். காய வேண்டியது அகந்தை.

இனி நாடகத்துக்கு வருவோம். நான் நாடகம் எழுதுகிறவன்; ஆகவே இந்தப் பண்டிகையில் என்னை அதிகம் கவர்ந்தது 'பாஸ்கா'. ஏசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் நாடகம் அது. புதுக்கோட்டைச் சீமையில் ஆவூர் போன்ற ஊர்களில் ஊரே திரண்டு நடத்தும். பிற மதத்தாரும் வந்து குந்தியிருந்து பார்ப்பர். அதில் அடுத்தடுத்து இரண்டு காட்சிகள் வரும். இரண்டிலும் ஒரு தட்டு, இரண்டிலும் தண்ணீர்.

முதற்காட்சி வியாழன் இரவு. விருந்து மேசையிலிருந்து எழுகிறார் ஏசு. மேலாடையைக் கழற்றி வைக்கிறார். இடுப்பில் துண்டைக் கட்டுகிறார். தட்டில் தண்ணீர் வார்த்துச் சீடர்களின் கால்களை ஒவ்வொன்றாகக் கழுவுகிறார். அது அந்நாளில் வீட்டு அடிமை செய்கிற வேலை. பேதுரு பதறுகிறான், தடுக்கிறான், அவர் கேட்கவில்லை. காட்டிக்கொடுக்கப் போகிற யூதாசும் அந்தப் பந்தியில் இருந்தான். இவன் துரோகி என்று அவன் காலை மட்டும் அவர் விட்டுவிடவில்லை.

இரண்டாம் காட்சி வெள்ளி காலை. ஆளுநன் பிலாத்து அரியணையில் இருக்கிறான். எதிரே நிற்பவர் குற்றமற்றவர் என்பது அவனுக்குத் தெரியும். விடுதலை செய்யும் அதிகாரமும் அவன் கையில் இருக்கிறது. ஆனால் வெளியே கூட்டம் கூச்சலிடுகிறது. தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறான்; எல்லார் கண்ணுக்கும் முன்பாகக் கையைக் கழுவிக்கொள்கிறான். இந்த இரத்தத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை என்கிறான்!

கால் கழுவிய காட்சியை எழுதியவர் யோவான். கை கழுவிய காட்சியை எழுதியவர் மத்தேயு. இரண்டு ஏடுகளில் இருப்பவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள், தோழர்களே! ஒருவர் பிறர் காலைக் கழுவினார்; மற்றவன் தன் கையைக் கழுவினான். ஒருவர் ஆடையைக் களைந்து குனிந்தார். மற்றவன் ஆசனத்தை விட்டு இறங்க மறுத்தான். 'கைகழுவி விட்டான்' என்று தமிழில் சொன்னாலே போதும், விளக்கம் வேண்டாம். தவக்காலத்தின் பொருள் முழுவதும் இந்த இரண்டு தட்டுகளில் அடங்கியிருப்பதாகவே எனக்குப் படுகிறது. உன் கையில் இருப்பது எந்தத் தட்டு? நாற்பது நாளும் கேட்கப்படுகிற கேள்வி இதுதான்.

இந்தக் கேள்விக்குத் தன் செயலால் விடை சொன்ன ஒருவரை அண்மையில் உலகம் கண்டது. 2013இல் போப் ஆண்டவராகப் பொறுப்பேற்ற பிரான்சிசு, அந்த ஆண்டுப் பெரிய வியாழனன்று ரோமாபுரியின் பெரும் கோவில்களை விட்டுவிட்டு, இளங்குற்றவாளிகள் அடைபட்டிருந்த சிறைக்குச் சென்று பன்னிருவர் கால்களைக் கழுவினார். அவர்களில் பெண்கள் இருந்தனர், இசுலாமியர் இருந்தனர். ஆண்களின் கால்களை மட்டுமே கழுவலாம் என்றிருந்த விதியை 2016இல் மாற்றினார். 2025ஆம் ஆண்டு, நோய் முற்றிக் குனிய முடியாத நிலையிலும், பெரிய வியாழனன்று ரோமாபுரிச் சிறைக்கே போய்க் கைதிகளோடு இருந்தார். ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறன்று மக்களுக்கு ஆசி கூறினார். மறுநாள் காலை, 88ஆம் வயதில் மறைந்தார். அவர் போதித்தவற்றில் நமக்கு உடன்பாடானவையும் இருக்கலாம், உடன்படாதவையும் இருக்கலாம். ஆனால் கடைசி வாரத்திலும் அவர் கையில் இருந்தது எந்தத் தட்டு என்பதில் ஐயமில்லை.

இப்படி எழுதுவதால், மாதா கோவில் மதிலுக்குள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சான்றிதழ் கொடுப்பதாக எண்ண வேண்டாம். சாம்பலுக்குச் சாதி இல்லை. சாம்பல் பூசிய நெற்றிகளுக்கு இருந்தது, இருக்கிறது. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் ஆயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். என்ன நடந்தது? வேப்பேரியிலும் தஞ்சையிலும் சாதியை விட மனமில்லாதோர் பலர் சபையை விட்டு வெளியேறினர்! திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கிடையே எழுப்பிய சுவரைத் தமிழகம் அறியும். 2008இல் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கிறித்தவர்கள் சம உரிமை கேட்டதிலிருந்து வளர்ந்த பூசல் மார்ச் 9ஆம் நாள் கலவரமாக வெடித்தது. காவல் துறை சுட்டது. இரண்டு உயிர்கள் போயின. அந்த நாள் எந்த நாள் தெரியுமா? தவக்காலத்து ஞாயிறு! குருத்தோலை ஞாயிற்றுக்குச் சரியாக ஏழு நாள் முன்பு! இரு தரப்பார் நெற்றியிலும் சாம்பல் இட்டு ஐந்து வாரம் ஆகவில்லை.

சட்டமும் அந்த மக்களைக் கைகழுவியது. தாழ்த்தப்பட்டோர் பட்டியலை வகுத்த 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதார்க்கு அதில் இடமில்லை என்றது. 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் கதவைத் திறந்தது, கிறித்தவர்க்குத் திறக்கவில்லை. கோவில் மாறியது, தெரு மாறவில்லை. தெரு மாறாவிட்டாலும் பட்டியல் மாறிவிட்டது! இந்த அநீதியை நீக்கச் சொல்லித் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19ஆம் நாள் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த ஆண்டு ஈஸ்டர் முடிந்து பத்தாம் நாள் அது. திருச்சபையிலும் கல் மெல்ல அசைகிறது. கர்நூல் சீமையில் பிறந்த தெலுங்கரான பூலா அந்தோணி, 2022இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். தலித் குலத்தில் பிறந்து அந்தப் பதவியை அடைந்த முதல்வர் அவர். அசைந்திருக்கிறது, புரண்டுவிடவில்லை.

பிறர் வீட்டு அழுக்கைப் பட்டியலிட்டாயிற்று. இனி என் வீடு. கடைசிக்கு ஒத்திவைத்த செய்தி இதுதான்.

எங்கள் வட்டாரத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே நம் கிளையில் மூத்த தோழர் ஒருவர் இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டியவர், கூலி வேலை செய்கிறவர், வீட்டில் தெலுங்கு, கொடிக்கம்பத்தடியில் தமிழ், கத்தோலிக்கர். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், அடைமழையில் அவருடைய மனைவி இறந்து போனார். கல்லறைக்குப் போகும் நல்ல பாதை ஊர்த்தெரு வழியே செல்கிறது. அந்த வழியே பிணம் போகக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். தடுத்தவர் வீட்டு வாசல்களிலும் நம் கொடி பறந்தது, தோழர்களே!

கிளைத் தோழர்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். அப்போது நான் இரண்டு கல் தொலைவில், ஒரு திருமண மண்டபத்தில், மண்டல மாநாட்டுக்கு ஆள் திரட்டும் கூட்டத்தில் இருந்தேன். பேச வேண்டிய பொருள், சமூக நீதி! "காவல் துறையிடம் சொல்லுங்கள், மாநாடு முடியட்டும், நான் வந்து பேசித் தீர்க்கிறேன்" என்றேன். ஊர்த்தெருவின் வாக்குகள் என் கண்முன் வந்து நின்றன. பிறகு மேடையேறி ஒரு மணி நேரம் முழங்கினேன். கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது. அதே நேரத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடும் ஏரிக்கால்வாய் வழியே, நாலு பேர் தோளில் அந்த அம்மையாரின் உடல் போய்க்கொண்டிருந்தது. மாநாடு முடிந்தது; நான் போகவில்லை. மூன்றாண்டு போகவில்லை. பிலாத்து வேடத்துக்கு எருசலேமில் ஆள் தேட வேண்டியதில்லை, தோழர்களே! திருத்தணிகையிலேயே இருக்கிறான்.

இந்தத் தவக்காலத்தின் ஐந்தாம் வாரத்தில் ஒரு மாலை, அந்தப் பெரியவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், தயங்கி உட்கார்ந்தார். கணக்குத் தீர்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வந்தது அதற்குத்தான், ஆனால் அவருடைய கணக்கு வேறாக இருந்தது.

"தம்பி, மூன்று வருடமாக உங்கள் மேல் மனத்தில் வஞ்சம் வைத்திருந்தேன். கூட்டத்தில் நீங்கள் பேசும்போது எல்லாரும் கைதட்டுவார்கள், நான் தட்டமாட்டேன். நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். இது தவசு காலம். கறியை விடுவது எளிது; அதை எல்லா வருடமும் விட்டேன். இந்த வருடம் இதை விடலாம் என்று வந்தேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்."

"ஐயா, மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான் அல்லவா!" என்றேன்.

"அது உங்கள் பாடு, தம்பி. என் பாட்டை நான் முடித்துக்கொண்டேன்" என்றார். எழுந்தார், போய்விட்டார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

'சினம் தணிந்த இடம்' என்று எங்கள் மலைக்குப் பெயர். அன்று மாலை என் வீட்டுத் திண்ணையில் அந்தப் பெயரின் பொருளைக் கண்டேன். 365 படி ஏறாமலே கண்டேன். ஏறியிருந்தவன் நான், இறங்கத்தான் வேண்டியிருந்தது.

கோவிலுக்கும் போகாத, தேவாலயத்துக்கும் போகாத நான், சென்ற வியாழன் இரவு அவர் ஊர்ச் சிற்றாலயத்தின் பின்வரிசையில் நின்றேன். ஓடு வேய்ந்த சிறு கட்டடம். பங்குச் சாமியார் துண்டைக் கட்டிக்கொண்டு பன்னிருவர் காலைக் கழுவினார். ஏழாவதாக உட்கார்ந்திருந்தார் நம் பெரியவர். வெடிப்பு வெடிப்பாக இருந்த பாதங்கள். கால்வாய்ச் சேற்றில் மனைவியைச் சுமந்து நடந்த அதே பாதங்கள். தண்ணீர் அவற்றின்மேல் விழும் ஓசை எனக்குக் கேட்டது. எத்தனையோ மண்டபங்களில் கேட்ட கைதட்டல் ஓசை அப்போது நினைவுக்கு வந்து நெஞ்சைச் சுட்டது.

உயிர்ப்பைப் பற்றி ஒன்று கூறி முடிக்கிறேன். மூன்றாம் நாள் விடியலில் கல்லறைக்குப் புறப்பட்டவர்கள் பெண்கள். வாயிலை அடைத்திருந்த கல் மிகப் பெரியது. அதைப் புரட்டித் தருபவர் யார் என்று பேசிக்கொண்டே அவர்கள் நடந்ததாக எழுதியிருக்கிறது. விடை தெரிந்த பிறகு அவர்கள் புறப்படவில்லை. கேள்வியைக் கையில் ஏந்திக்கொண்டே நடந்தார்கள். அஞ்சி அறைக்குள் அடைந்திருந்த ஆண்களுக்கு முன்பாக, நடந்தவர்களுக்கே முதற்செய்தி கிடைத்தது. இறந்தவர் எழுந்தார் என்பது நம்புவோர்க்கு நம்பிக்கை. நம்பாத எனக்கும் அந்த நடையில் ஒரு பாடம் இருக்கிறது. கல் புரளுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவன் கல்லறை வாயிலைக் காணவே மாட்டான்.

நாளைக் காலை நான் அந்த ஊருக்குப் போகிறேன். ஒலிபெருக்கி இல்லை; துண்டறிக்கை இல்லை. ஊர்த்தெருவில் நம் கொடி பறக்கும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, பொதுப் பாதை எல்லார்க்கும் பொது என்று பேசப் போகிறேன். பிறகு கிளைத் தோழர்களோடு வட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கப் போகிறேன். கல் புரளுமா? தெரியாது. வாக்குக் குறையுமா? குறையலாம். மூன்றாண்டு தாமதம் என்று பெரியவர் சிரிக்கலாம், சிரிக்கட்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான், தோழர்களே! உங்கள் கிளை இருக்கும் ஊரில் சுடுகாட்டுக்கும் கல்லறைக்கும் செல்லும் பாதையை இந்த வாரம் ஒருமுறை நடந்து பாருங்கள். அந்தப் பாதை யாருக்கு மறுக்கப்படுகிறது என்று பாருங்கள். மறுக்கிறவர் வாசலில் நம் கொடி இருக்கிறதா என்றும் பாருங்கள். பார்த்த பிறகு உங்கள் கைக்கு ஒரு தட்டு வரும்; அதில் தண்ணீரும் இருக்கும்.

கையைக் கழுவுவதா, காலைக் கழுவுவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.